டெக்கீலாவை மடக்கென்று விழுங்காமல் ருசித்துக் குடிப்பது எப்படி?

"டெக்கீலாவா? ஐயோ, வேண்டாம்" என்பவர்களிடம் என்ன பாட்டில் குடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் நினைவிருக்காது. தங்க நிறத்தில் இருந்தது, உப்பை நக்கினோம், ஒரே மடக்கில் உள்ளே தள்ளினோம், எலுமிச்சையைக் கடித்தோம் என்பார்கள். இதில் டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவின் ருசியை யார் பார்த்தார்கள்? நான் இப்போது குடிக்கும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் லேபிள்

நிறத்தைப் பார்க்காதீர்கள். '100% அகாவே' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அகாவே என்பது டெக்கீலா செய்யும் கற்றாழை மாதிரியான செடி. ஸ்பானிஷில் '100% தே அகாவே' என்று இருக்கும். வெறுமனே 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால் அது மிக்ஸ்டோ, அதாவது கலப்பு வகை. மெக்சிகோவின் விதிப்படி, நொதிக்க வைக்கும் சர்க்கரையில் 51% நீல அகாவேயிலிருந்து வந்தால் போதும். மீதி 49% வரை கரும்புச் சர்க்கரையாகவோ மக்காச்சோள சிரப்பாகவோ இருக்கலாம். 'மிக்ஸ்டோ' என்ற சொல்லை யாரும் லேபிளில் போட மாட்டார்கள், 100% என்பது இல்லாததை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். மிக்ஸ்டோவை மொத்தமாக ஏற்றுமதி செய்து வேறு நாட்டில் பாட்டிலில் அடைக்கலாம். 100% அகாவே என்றால், டெக்கீலாவுக்கென ஒதுக்கிய பகுதிக்குள்ளேயே அடைத்தாக வேண்டும்.

'கோல்டு' என்றால் உசத்தி என்று நினைப்பவர்கள் ஏராளம். கடையில் கிடைக்கும் கோல்டு பாட்டில்களில் பெரும்பாலானவை கேரமல் நிறம் சேர்த்த மிக்ஸ்டோ. பீப்பாயில் ஊறிய பழுப்பு வேறு, கேரமல் பழுப்பு வேறு. கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் லேபிள்.

அடுத்து 'நோம்' (NOM) என்ற எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும். இது தரச் சான்று இல்லை, எந்த ஆலையில் தயாரானது என்பதற்கான அடையாளம். எல் தெசோரோ, தபாத்தியோ என்ற இரண்டு பிராண்டுகளிலும் 1139 என்றே இருக்கும், ஏனென்றால் இரண்டுமே மெக்சிகோவின் அரந்தாஸில் உள்ள லா அல்தேன்யா ஆலையின் சரக்கு. ஒரு பாட்டில் பிடித்துப்போனால் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதே ஆலையின் வேறு பிராண்டைத் தேடுங்கள். நட்சத்திர மதிப்பெண்களைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

இடையில் ஒன்று. டெக்கீலா கள்ளியில் செய்வதில்லை. அகாவே நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை இதன் நெருங்கிய சொந்தம், சோற்றுக்கற்றாழை வேறு. நீல அகாவே முற்றப் பொதுவாக 6 முதல் 8 வருடம் ஆகும். ஹிமடோர் என்கிற அறுவடைக்காரர் 'கோவா' என்ற நீண்ட கைப்பிடி வைத்த வட்டத் தகட்டுக் கத்தியால் மடல்களைச் சீவி நடுத்தண்டை எடுப்பார். அதை வேகவைத்து, பிழிந்து, நொதிக்க விட்டு, இரண்டு முறையாவது வடிப்பார்கள். 1974 முதல் 'டெக்கீலா' என்ற பெயருக்கு மெக்சிகோவில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலமும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும் மட்டுமே அதற்குள் வரும்.

அப்புறம், டெக்கீலா பாட்டிலுக்குள் புழு கிடக்கும் என்பார்களே, அந்தப் புழு. அது மெஸ்கால் என்ற இன்னொரு அகாவே மதுவின் சில பாட்டில்களில் போடும் அந்துப்பூச்சிப் புழு, விற்பனைக்கான தந்திரம். டெக்கீலாவில் புழு கிடையாது.

எந்த வகை?

பிளாங்கோவில் தொடங்குங்கள். வடித்தவுடன் அல்லது 2 மாதத்துக்குள் அடைத்தது, அகாவேயின் ருசி மறைவில்லாமல் தெரியும். ரெபொசாடோ 2 மாதமாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்தது. அன்யேஹோ குறைந்தது 1 வருடம், எக்ஸ்ட்ரா அன்யேஹோ குறைந்தது 3 வருடம். வருடம் ஏற ஏற விலை ஏறும், ஆனால் ருசியும் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரம் அதிகமானால் அகாவே பின்னுக்குப் போய்விடும். விஸ்கிப் பிரியர்களுக்கு அன்யேஹோ பிடிக்கும், எனக்கு ரெபொசாடோவுக்கு மேல் போகத் தோன்றுவதில்லை. ஊறிய டெக்கீலாவை வடிகட்டி நிறத்தை எடுத்துவிட்டு 'கிறிஸ்டலினோ' என்று விற்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல பிளாங்கோ வாங்கலாம்.

கிளாஸ்

ஷாட் கிளாஸ் வேண்டாம், மூக்கு உள்ளே போகாது. வீட்டில் இருக்கும் சின்ன வைன் கிளாஸ் போதும். 30 மில்லி, அறை வெப்பத்தில். ஃப்ரீசரில் வைத்தால் காரம் அடங்கும், மணமும் சேர்ந்து அடங்கிவிடும்.

மூக்கு: அவசரப்படக் கூடாத இடம்

பலர் தோற்பது இங்கேதான், நானும் இங்கேதான் ரொம்ப நாள் சிக்கிக்கிடந்தேன். வைனை மோப்பது மாதிரி கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் 40% ஆல்கஹால் நேராக மண்டைக்கு ஏறும். அதற்குப் பிறகு எந்த மணமும் தெரியாது.

செய்ய வேண்டியது இது. ஊற்றியபின் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். சுழற்ற வேண்டாம். கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மூச்சு விடுங்கள். வாய் திறந்திருந்தால் மூக்கில் எரிச்சல் குறையும். பிறகு மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். விளிம்பின் கீழ்ப்பக்கம், நடு, மேல்பக்கம் என்று மூக்கை நகர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி இருக்கும். முதலில் தேட வேண்டியது வெந்த அகாவேயின் மணம், கிட்டத்தட்ட சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி. அதைப் பிடித்துவிட்டால் மிளகு, எலுமிச்சைத் தோல், பச்சைப் புல் எல்லாம் பின்னாலேயே வரும். வெனிலா எசன்ஸ் வாடை மட்டும் தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஓக் சாறு, கிளிசரின், சிரப், கேரமல் நிறம் ஆகியவற்றை 1% வரை சேர்க்க விதியே இடம் கொடுக்கிறது, 100% அகாவேயிலும்கூட.

வாய்

முதல் வாய் கணக்கில் இல்லை. நாக்கு நனையும் அளவு மட்டும் எடுங்கள். எரியும், எரியட்டும். அரை நிமிடம் கழித்து இரண்டாவது வாய், அதை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி அந்த மூச்சில்தான் இருக்கிறது. இன்னும் எரிந்தால் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், தப்பே இல்லை.

உப்பும் எலுமிச்சையும் மோசமான சரக்கின் காரத்தை மறைக்கத்தான் உதவும். துணைக்கு ஏதாவது வேண்டுமானால் ஹலிஸ்கோக்காரர்கள் மாதிரி சங்ரீதா செய்துகொள்ளுங்கள்: ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள். டெக்கீலாவில் கலக்கக் கூடாது, பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். தக்காளிச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது ரசம் பக்கம் போய்விடுகிறது.

பிற்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. "கோல்டு பாட்டிலில் 100% அகாவே என்று போட்டிருக்கிறதே?" இருக்கலாம். பீப்பாயில் ஊறிய டெக்கீலாவை பிளாங்கோவுடன் கலந்தும் அந்த வகையைச் செய்யலாம். அபூர்வம்தான், ஆனால் தாராளமாக வாங்குங்கள்.

"டெக்கீலா போதை தனி ரகம், கனவெல்லாம் வருமாமே?" இல்லை. எல்லா மதுவிலும் இருக்கும் அதே எத்தனால்தான். மெஸ்கால், மெஸ்கலின் என்ற இரண்டு பெயர்களும் குழம்பிய கதை இது. மாயக்காட்சி தரும் மெஸ்கலின் இருப்பது பெயோட்டே என்ற கள்ளியில், அகாவேயில் அல்ல. 100% அகாவே என்றால் தலைவலி வராது என்பதும் நம்பக்கூடியதல்ல. அளவு மீறினால் வரும்.

"திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?" கெட்டுப்போகாது, ஆனால் காற்றுப்பட்டு மணம் மங்கும். வெயில் படாமல் நிற்க வையுங்கள். வைன் மாதிரி படுக்க வைத்தால் கார்க் ஊறிப் பிய்ந்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.