கம்பியில்லாப் பலகையில் அன்ரெனாவைச் சோதிக்க ஓர் இணைப்பி

உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து வைஃபை மூலம் அனுப்புவதற்காக நான் செய்த முதற் பலகை, மேசையில் நன்றாக இயங்கியும், பெட்டிக்குள் வைத்து மூடியதும் இருபது மீற்றருக்கு அப்பால் எட்டவில்லை. பிழை வைஃபை சில்லிலா, பலகையில் அச்சான அன்ரெனாவிலா என்று பிரித்தறிய அதில் வழியே இருக்கவில்லை. அச்சான பலகை மட்டக்களப்புக்கு வந்து சேர வாரக்கணக்காவதால், சோதனை இணைப்பிக்கான இடத்தை வரையும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

முதலில் சுற்று வரைபடம். சில்லிலிருந்து வரும் பாதையும், அன்ரெனாவுக்கும், சிறு வடத்தை அழுத்திப் பூட்டும் யூ.எஃப்.எல். இணைப்பிக்கும் செல்லும் பாதைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கட்டும். ஒவ்வொரு கிளையிலும் 0402 அளவான 0 ஓம் தடையிக்கு (பாதையை இணைக்கும் சிறு பாலம் போன்றது) இடம் வையுங்கள். மூன்றில் இரண்டை மட்டுமே பொருத்த வேண்டும். எந்த இரண்டு என்பதைப் பொறுத்து, சில்லு அன்ரெனாவுடனோ, சில்லு இணைப்பியுடனோ, இணைப்பி அன்ரெனாவுடனோ சேரும். சந்திக்கும் புள்ளியிலிருந்து எப்பக்கம் பார்த்தாலும் 50 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) தெரியும்படி, அதைச் சரிசெய்யும் பொருத்தச் சுற்றுகளில் சில்லுக்குரியதைச் சில்லின் பக்கமும் அன்ரெனாவின் பொருத்தச் சுற்றை அன்ரெனாவின் பக்கமும் வையுங்கள். பலகை வரையும் மென்பொருளான கீகாட்டில் இணைப்பியையும் அதன் தடையியையும் ‘பொருத்த வேண்டாம்’ என்று குறித்தால், வழக்கமான தயாரிப்பில் அவற்றுக்குச் செலவில்லை.

அடுத்தது பலகையமைப்பு, தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மூன்று தடையிகளும் நடுவில் ஒரே செப்புத் திட்டைப் பகிர வேண்டும். அவ்வாறன்றி, இணைப்பிக்கான பாதையைத் தடையியின்றி நேராக இழுத்துவிட்டால், இணைப்பி பொருத்தாதபோது அது முனை திறந்த வாலாகத் தொங்கும். சாதாரண எஃப்.ஆர்.4 (கண்ணாடியிழை) பலகையில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் காற்பங்கு சுமார் 17 மில்லிமீற்றர். வால் அந்த நீளத்தை நெருங்கினால், சந்திப்பில் குறுஞ்சுற்றுப் போல நின்று, அன்ரெனாவுக்குப் போகவேண்டிய சைகையைத் தடுத்துவிடும். பாதையின் அகலத்தைக் கீகாட்டின் கணிப்பானில் 50 ஓமுக்குக் கணித்து, கீழே கிரவுண்ட் தளத்தை வெட்டாமல் விடுங்கள்.

0402 தடையியின் நீளம் 1 மில்லிமீற்றர், அகலம் 0.5. அரிசிக் குறுணலிலும் சிறிய அதனை, ஒரு திட்டில் முன்பே சிறிது ஈயம் இட்டு, இடுக்கியால் பிடித்தபடி அம்முனையை முதலில் ஒட்டுங்கள். யூ.எஃப்.எல். இணைப்பி ஏறத்தாழ 30 முறை பூட்டிக் கழற்றவே உத்தரவாதமுள்ளது. ஆகையால் சிறு வடத்தை அதிலேயே விட்டுவிட்டு, மறுமுனையிலுள்ள, திருகிப் பூட்டும் எஸ்.எம்.ஏ. இணைப்பியில் கருவியை மாற்றுவதே நல்லது.

இப்போது இணைப்பியையும் அன்ரெனாவையும் சேர்த்து, 3 கிகாஹேர்ட்ஸ் வரை அளக்கும் சிறிய வி.என்.ஏ. (வலையமைப்புப் பகுப்பாய்வி) கருவியில், அனுப்பிய சைகையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்11 வளைவைப் பாருங்கள். 2.4 முதல் 2.4835 கிகாஹேர்ட்ஸ் வரை அது −10 டெசிபெலுக்குக் கீழே இருந்தால், கொடுக்கும் வலுவில் 90 சதவீதத்துக்கு மேல் அன்ரெனாவுக்குள் செல்கிறது. பெட்டிக்கு வெளியே ஒரு முறை, பெட்டியை மூடி ஒரு முறை அளவெடுங்கள். என் இரண்டாவது பலகையில் மூடியதும் வளைவின் பள்ளம் 2.3 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே நகர்ந்தது. பிளாஸ்ரிக் சுவர் அன்ரெனாவைத் தொட்டுக்கொண்டிருந்ததே காரணம். பலகையைச் சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, பொருத்தச் சுற்றில் ஒரு கொள்ளளவியை மாற்றியதும் பள்ளம் தன் இடத்துக்குத் திரும்பியது. அதன் பின்னரே இணைப்பியின் தடையியைக் கழற்றி, சில்லின் பக்கத்துத் தடையியைப் பொருத்தினேன்.