பழைய அமெரிக்கப் புகைப்படத்தின் ஆண்டைக் கணிப்பது எப்படி?

"1900இல் நியூயார்க்" என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். உற்றுப் பார்த்தால் நடுவில் உல்வொர்த் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். அது திறக்கப்பட்டதோ 1913இல். தலைப்புப் போட்டவர் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய சுற்றுலாப் படங்களின் காலத்தைக் கணிக்க வரலாற்றுப் பட்டம் வேண்டியதில்லை. பெரிய திரையும் கொஞ்சம் பொறுமையும் போதும். கைப்பேசித் திரையில் இந்த வேலை சரிப்படாது.

படி 1: மூலப்படத்தை எடுங்கள்

அஞ்சலட்டைகளும் சுவரில் மாட்டும் படங்களும் விற்ற டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. நிறுவனம் 1924இல் நொடித்துப்போனது. அதன் நெகட்டிவ்கள் சில கை மாறி, 1949இல் இரண்டாகப் பிரிந்தன. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே எடுத்தவை கொலராடோவில் தங்கின, கிழக்கே எடுத்தவை வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. கோனி ஐலண்ட், அட்லாண்டிக் சிட்டி, நயாகரா போன்ற சுற்றுலா இடங்களின் படங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்ணாடி நெகட்டிவ்களும் கண்ணாடிப் படங்களும் மட்டும் 25,000க்கு மேல்.

நூலகத்தின் இணையதளத்தில் இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். சிறிய படத்தைச் சேமித்துக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். பதிவிறக்கப் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய டிஃப் (TIFF) படக் கோப்பை எடுங்கள். இவற்றில் பல 8க்கு 10 அங்குலக் கண்ணாடியில் எடுத்தவை. பெரிதாக்கினால் கடைப் பலகையின் எழுத்துகூடத் தெரியும்.

படி 2: ஓரத்தையும் குறிப்பையும் படியுங்கள்

படத்தின் அடிவிளிம்பில் எண், இடத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கலாம். நிறுவனத்தின் பெயரில் "ஃபோட்டோகிராஃபிக்" என்று இருந்தால் பெரும்பாலும் 1905க்கு முந்தைய வெளியீடு. அந்த ஆண்டு முதல்தான் "பப்ளிஷிங்" என்று பெயர் மாறியது.

நூலகப் பட்டியலில் ஆண்டு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது நூலகர்களின் கணிப்பு. ஆண்டுக்கு முன்னால் ஒற்றை ஆங்கில எழுத்து "சி" ஒட்டியிருந்தால் அது பதிப்புரிமை ஆண்டு. படம் எடுத்த ஆண்டு அதற்கும் முன்னதாக இருக்கலாம். 1897இல் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்த புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சன், தன் பழைய நெகட்டிவ்களையும் கையோடு கொண்டுவந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

படி 3: கட்டடங்களைச் சாட்சிக்கு அழையுங்கள்

இதுதான் முக்கால்வாசி வேலை. ஒரு கட்டடம் முழுமையாக நின்றால், படம் அது கட்டி முடிந்த பிறகு எடுத்தது. நிற்க வேண்டிய இடத்தில் அது இல்லையென்றால், கட்டுவதற்கு முன்போ இடித்த பின்போ எடுத்தது. ஆனால் அந்த இடம் சட்டகத்துக்குள் விழுகிறதா, வேறொரு கட்டடம் மறைக்கிறதா என்று முதலில் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். பலர் இடறி விழுவது இங்கேதான்.

நியூயார்க்கின் கடற்கரைப் பொழுதுபோக்கு இடமான கோனி ஐலண்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா 1903 மே மாதம் திறந்தது. அடுத்த ஆண்டு எதிரே ட்ரீம்லேண்ட் என்ற இன்னொரு பூங்கா வந்தது, நடுவில் 375 அடி உயர வெள்ளைக் கோபுரத்தோடு. 1911 மே 27 அதிகாலையில் ட்ரீம்லேண்ட் முழுவதும் எரிந்து போனது. ஆகவே கடற்கரைப் படத்தில் அந்த வெள்ளைக் கோபுரம் முழுதாகத் தெரிந்தால் காலம் 1904க்கும் 1911க்கும் இடையில் அடங்கிவிடும். வேறு ஆதாரமே தேவையில்லை. வொண்டர் வீல் ராட்டினம் தெரிந்தால் 1920க்கு முன்னால் போகவே முடியாது.

நியூயார்க்கின் வானளாவிகள் நெருங்கி நிற்கும் கீழ் மன்ஹாட்டன் இதைவிடச் சுவையானது. பார்க் ரோ கட்டடத்தின் இரட்டைக் குவிமாடங்கள் 1899இல் முடிந்தன. சிங்கர் கோபுரம் 1908, உல்வொர்த் 1913. சிங்கர் இருக்கிறது, உல்வொர்த் இல்லை என்றால் 1908 முதல் 1912 வரை. அரைகுறையாக எழும்பிய இரும்புச் சட்டகம் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்தான், ஓர் ஆண்டுக்குள்ளேயே சுருக்கிவிடலாம். அட்லாண்டிக் சிட்டிப் படங்களில் குவிமாடங்களோடு நிற்கும் பிளென்ஹைம் விடுதியைத் தேடுங்கள். அது 1906இல் திறந்தது.

படி 4: கொடியின் நட்சத்திரங்களை எண்ணுங்கள்

விடுதிகளின் உச்சியில் கொடி பறக்கும். 1896 ஜூலை 4 முதல் 45 நட்சத்திரங்கள், 1908 ஜூலை 4 முதல் 46, 1912 ஜூலை 4 முதல் 48. காற்றில் மடிந்த கொடியில் எண்ண முடியாவிட்டால் வரிசையைப் பாருங்கள். ஆறு வரிசையிலும் எட்டு எட்டாக ஒழுங்காக நின்றால் பெரும்பாலும் 48. 1912க்கு முன் நட்சத்திரங்களை அடுக்க அதிகாரபூர்வ முறை கிடையாது என்பதால் வேறு அடுக்குகளும் வரும். பழைய கொடியை உடனே தூக்கிப்போடாதவர்களும் இருந்தார்கள். எனவே கொடி சொல்வது "இதற்கு முன்பு அல்ல" என்பதை மட்டும்தான்.

படி 5: எதை நம்பக் கூடாது

நிறத்தை. ஃபோட்டோகுரோம் என்ற வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து கல்லச்சில் நிறம் ஏற்றியவை. கட்டடம் சிவப்பா மஞ்சளா என்று முடிவு செய்தவர் அச்சகத்துக்காரர். வானத்தின் வெறும் வெள்ளையையும் நம்பாதீர்கள். அன்றைய தகடுகள் நீலத்தை அளவுக்கு மீறி உள்வாங்கியதால், பளிச்சென்ற நீல வானமும் வெளுத்துப்போகும்.

லூனா பார்க்கின் இரவுப் படங்களில் விளக்குகள் ஊசிமுனைக் கூர்மையோடு ஒளிரும், ஆள் நடமாட்டமே இருக்காது. பூங்கா காலி என்று எண்ணிவிட வேண்டாம். நெடுநேரம் ஒளியைப் பதித்ததால் நடந்துகொண்டிருந்தவர்கள் பதியாமல் போனார்கள். தரையருகே புகை போன்ற கறைகளைப் பாருங்கள், கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

படி 6: முடிவை எழுதிவையுங்கள்

ஒற்றை ஆண்டைத் துணிந்து போடாதீர்கள். "1908–1912, சிங்கர் உண்டு, உல்வொர்த் இல்லை" என்று காரணத்தோடு எழுதுங்கள். நூலகத்தின் நெகட்டிவ் எண்ணையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். பகிரும்போது அந்த எண் கூடவே போகும், சந்தேகப்படுகிறவர் மூலப்படத்தைத் தானே எடுத்துப் பார்த்துக்கொள்வார்.