புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரியும்: பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் பதினெட்டு ஆண்டுகளாகச் சரித்திரம் கற்பிக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் சென்ற மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளை அப்படியே, அதே நம்பிக்கையோடு செய்கிறார்கள். தூக்கம் வேண்டும், கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகளின் பாட்டிகளே சொல்லிவிடுகிறார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

பார்த்தால் பதிந்துவிடும் என்று எண்ணுவது

திரையில் வரைபடம் வருகிறது. அது இருக்கும்போதே ஆசிரியர் வேறொன்றைப் பேசுகிறார்; அடுத்த படமும் வந்துவிடுகிறது. உளவியலாளர் ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960இல் வெளியிட்ட சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை எழுத்துகளை நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னபோது நான்கு அல்லது ஐந்துக்கு மேல் வரவில்லை. எழுத்துகள் மறைந்தவுடன் ஓர் ஒலியால் ஒரே ஒரு வரிசையைச் சுட்டிக் கேட்டபோது, அந்த வரிசையின் நான்கில் ஏறக்குறைய மூன்றைச் சொன்னார்கள். எந்த வரிசையைக் கேட்பார் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே பெரும்பாலான எழுத்துகள் கண்ணின் நினைவில் ஒரு கணம் நின்றிருக்கின்றன. நான்கைச் சொல்லி முடிப்பதற்குள் மற்றவை அழிந்துபோயின. கவனம் எதைத் தொட்டதோ அதுதான் தப்பியது. வரைபடத்தைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் சுட்டுங்கள்.

ஒரே மூச்சில் ஒன்பது காரணங்கள்

கேட்ட நொடியில் மனம் ஏந்திக்கொள்ளும் அளவு சிறியது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் அது ஏழு என்ற எண்ணை ஒட்டியது என்றார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்குக்குக் குறைத்தார். இருந்தும் ஏழு சீர் கொண்ட குறளை நம் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். எதுகையும் மோனையும் பொருளும் ஏழு சீரையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகின்றன. பிரிட்டிஷார் 1946இல் மலாய் மாநிலங்களை ஒன்றாக்கி அமைத்த மலாயன் யூனியனுக்கு எழுந்த எதிர்ப்பையும் அப்படிக் கட்டிக் கொடுக்கலாம்: சுல்தான்களின் அதிகாரம் போனது, குடியுரிமை தளர்ந்தது, பிரிட்டிஷ் தூதர் மெக்மைக்கேல் சுல்தான்களிடம் கையொப்பம் வாங்கிய முறை கசந்தது. மூன்று முடிச்சு. மற்ற விவரங்களை இவற்றுக்குள் செருகுங்கள்.

மறுபடி மறுபடி படிக்கச் சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2013 முதல் சரித்திரத்தில் தேறாவிட்டால், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. அதற்கு அடுத்த ஆண்டு, ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். அவள் புத்தகத்தில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறக் கோடுகள். "பத்து முறை படி" என்றேன். பன்னிரண்டு முறை படித்தாள். மாதிரித் தேர்வில் மலாயன் யூனியன் தொடங்கியது 1946 ஏப்ரல் 1 என்று தேதியை மட்டும் எழுதிவிட்டு, எதிர்ப்பு ஏன் எழுந்தது என்ற கேள்விக்கு இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் படித்தேன். நான் முடிப்பதற்குள் அடுத்த வரியை அவளே சொன்னாள். "எல்லாம் தெரியும் டீச்சர், தாளில்தான் வரவில்லை" என்று அழுதாள். உழைப்பு போதவில்லை என்று நான் கடிந்துகொண்டேன். அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கியதற்கு நான்தான் பொறுப்பு.

கண்டால் தெரிவது வேறு, காணாமல் எடுத்துத் தருவது வேறு. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் எதிரே வருபவரின் முகம் உடனே தெரிகிறது; பெயர் வருவதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் முகம் போலப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று அவளும் நம்புகிறாள், நாமும் நம்புகிறோம்.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையைப் புதிய ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்கிறேன். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை உட்கார்ந்து படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காடும் எழுதிய குழு 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தன. ஒரு வாரம் கழித்துப் படித்தவர்கள் 40க்கு இறங்கினார்கள். எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். அந்த ஐந்து நிமிடத்து வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. வகுப்பு முடியும்போது கேட்கிறோம், பிள்ளைகள் சொல்கிறார்கள், மனம் நிறைந்து வீட்டுக்குப் போகிறோம்.

இப்போது என் வகுப்பில் பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி வெள்ளைத்தாள் எடுக்க வேண்டும். நினைவில் இருப்பதை எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். "சொல்லிக் கொடுப்பதை விடச் சோதனைதான் அதிகம்" என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். படட்டும். அன்று பின்வரிசையில் நான் பார்த்தது, நாற்பது நிமிடம் வகுப்பே ஒரே குரலில் பாடத்தை வாசித்ததை. அறை அதிர்ந்தது. அந்த இளம் ஆசிரியர் பெருமையோடு என்னைப் பார்த்தார். வெளியே அழைத்துப் போய், இந்த மாணவியின் கதையைச் சொன்னேன்.

ஒரே இரவில் முடிப்பது

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னை வைத்து அளந்து பார்த்துவிட்டார்: பொருளற்ற அசைகளை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பலன், மூன்று நாளுக்குப் பிரித்தபோது 38 முறையில் கிடைத்தது.

கண் வழி மாணவன், காது வழி மாணவன்

பிள்ளைகளை அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை. விட்டுவிடுங்கள்.

விளக்கினால் எழுத வந்துவிடும் என்று நம்புவது

நினைவு என்பது ஒரே பெட்டி அன்று. வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசனுக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவைப் பதிக்க உதவும் உறுப்பின் பெரும்பகுதியை நீக்கினார்கள். அதன் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. கை பழகுவதற்குத் தனி வழி இருக்கிறது. கட்டுரை அமைப்பை மூன்று வாரம் விளக்குவதற்குப் பதிலாக, முதல் நாளே ஒரு பத்தி எழுத வையுங்கள்.

விடையை உடனே எடுத்துக் கொடுப்பது

கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறது.