இரண்டு ஃப்ளை கட்டி வீசும்போது லீடர் சிக்காமல் இருக்க: புதியவர்களுக்கான செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் தூண்டில் போட்டு வளர்ந்த நம்மவர்கள், ஃப்ளை தூண்டிலை எடுத்துக்கொண்டு மலையடி ஊரான அண்டர்பெர்க் பக்கத்து ஆறுகளுக்குப் போனால், முதல் நாளிலேயே மாட்டிக்கொள்வது லீடர் சிக்கில்தான். லீடர் என்பது தடித்த லைனின் நுனியையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு. கடலில் இரண்டு மூன்று கொக்கி கட்டினாலும் சிக்கு குறைவாகவே விழுகிறது. ஏனென்றால் அங்கே நுனியில் இருக்கும் கனத்த ஈயம் பறந்து போகும்போது, பின்னால் வரும் நரம்பு முழுவதையும் விறைப்பாக இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை தூண்டிலில் கனம் இருப்பது தடித்த லைனில். நுனியில் இருப்பதோ ஃப்ளை, அதாவது பூச்சிபோல் இறகும் மயிரும் கட்டிய, எடையே இல்லாததுபோன்ற சின்னக் கொக்கி. ஆகவே லீடரை இழுத்து நேராக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. எங்கே தொய்வு விழுகிறதோ அங்கே இரண்டு ஃப்ளைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்தத் தொய்வை ஓர் இடத்தில் தடுப்பதற்காகத்தான்.

முதற்படி: எத்தனை ஃப்ளை என்று முடிவுசெய்யுங்கள்

இரண்டு போதும். ஒன்று அடியில் ஓட, மற்றொன்று சற்று மேலே மிதந்து வர, மீன் எந்த ஆழத்தில் இரை எடுக்கிறது என்பது விரைவில் தெரிந்துவிடும் என்பதற்காகவே நாம் இரண்டு கட்டுகிறோம். 1890இல் நேட்டால் ஆறுகளில் முதன்முதலாக விடப்பட்ட பிரவுன் டிரவுட் மீன்களின் வழித்தோன்றல்கள் கற்களின் பின்னால், அடித்தளத்தை ஒட்டி நிற்கும் பழக்கமுள்ளவை. சிறிய நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போன்ற ஃப்ளை) ஒன்றை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோகக் கனமான இன்னொரு நிம்ஃப் துணை வேண்டும். வால் (Vaal) நதியில் யெல்லோஃபிஷ் மீன் பிடிப்பவர்கள் மூன்று ஃப்ளை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கட்டினால் சிக்கு ஒன்றரை மடங்காவதோடு நிற்காது, பல மடங்காகும். இரண்டைச் சிக்கில்லாமல் ஒரு முழு நாள் வீசிக் காட்டிய பிறகு மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம். நீங்கள் போகும் நீர்நிலையில் எத்தனை ஃப்ளைக்கு அனுமதி என்பதையும் அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: லீடரைக் கட்டும் முறை

சிக்குகளில் பாதி கரையில், முடிச்சுப் போடும்போதே உருவாகிவிடுகின்றன என்பது என் அனுபவம். ஆகவே இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் முதல் நாள் இரவு வீட்டு விளக்கடியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

ஒன்பது அடி லீடர் ஒன்றை எடுத்து, சுருளை விரித்து, இரண்டு கைகளுக்கும் இடையே சற்று இழுத்துப் பிடித்து உருவி விடுங்கள். கடையில் சுற்றி வைத்த வளைவு நரம்பில் இருக்கும்வரை அது தண்ணீரிலும் வளைந்தே கிடக்கும். நுனிப்பகுதி 0.20 மில்லிமீட்டர் பருமன் இருப்பது நல்லது. அதோடு 0.18 மில்லிமீட்டர் டிப்பெட் நரம்பு, அதாவது லீடரின் நுனியில் சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்பு, ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நரம்புகளையும் ஒரு சாண் நீளத்துக்கும் சற்று அதிகமாக அக்கம்பக்கமாக வைத்து, இரண்டையும் சேர்த்தே ஒரு வளையம் போடுங்கள். லீடரின் நுனியையும், டிப்பெட்டின் நீண்ட பகுதி முழுவதையும் சேர்த்துப் பிடித்து அந்த வளையத்துக்குள் மூன்று முறை நுழைத்து எடுங்கள். இப்போது நான்கு நரம்புகள் முடிச்சிலிருந்து வெளியே நிற்கும். எச்சிலால் நன்றாக நனைத்து, நான்கையும் ஒரே சீராக, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு சுருண்டு, வலிமை இழந்துவிடும்.

முடிச்சிலிருந்து நிற்கும் இரண்டு குட்டை நுனிகளில் ஒன்று தூண்டில் கம்பைப் பார்த்து மேலே நிற்கும். மற்றொன்று கீழே பார்க்கும். மேலே பார்ப்பதை ஒட்ட வெட்டிவிடுங்கள். கீழே பார்ப்பதுதான் நமக்குக் கிளை. இதைத்தான் டிராப்பர் என்கிறார்கள். அது லீடரின் பருத்த நரம்பினுடைய தொடர்ச்சி என்பதால் விறைப்பாக ஒதுங்கி நிற்கும்; பெரிய மீன் கடித்து இழுத்தாலும் விசை நேராக லீடருக்கே போகும். கிளையில் ஃப்ளையைக் கட்டி முடித்த பிறகு அதன் நீளம் நான்கு விரற்கடை முதல் ஆறு விரற்கடைக்குள், அதாவது ஏறக்குறைய 8 முதல் 12 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இந்த அளவைத் தாண்டினால் கிளை தானாகவே நடு நரம்பைச் சுற்றிக்கொள்ளும். எத்தனையோ நண்பர்களின் சிக்குகளை அவிழ்த்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட கிளையே காரணமாக இருந்தது.

முடிச்சிலிருந்து நுனி ஃப்ளைக்கு ஆற்றில் 50 அல்லது 60 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அணைகளிலும் ஏரிகளிலும் ஒரு மீட்டருக்கு மேல் விடலாம்; அதற்கு டிப்பெட்டையும் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கனமான ஃப்ளை எப்போதும் நுனியில், இலகுவானது கிளையில். மாற்றிக் கட்டினால் நடுவிலுள்ள கனம் முந்திக்கொண்டு பறக்க, நுனி அதன்மேல் மடிந்து விழும். தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கென்றே ஃப்ளை தூண்டில் எழுத்தாளர் டாம் சட்கிளிஃப் உருவாக்கிய ஸாக் நிம்ஃபைச் சின்ன அளவில் கிளையில் கட்டி, நுனியில் டங்ஸ்டன் மணி கோத்த நிம்ஃப் ஒன்றைக் கட்டுவது நான் அடிக்கடி செய்வது.

கிளை முடிச்சே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. முதல் ஃப்ளையை லீடரின் நுனியில் வழக்கம்போல் கட்டி, அதன் கொக்கி வளைவில் டிப்பெட் நரம்பைக் கட்டி, அதன் முனையில் இரண்டாவது ஃப்ளையைக் கட்டுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால் சிக்கு மிகவும் குறையும். முதல் ஃப்ளை கிளையில் ஆடுவதுபோல் தாராளமாக ஆடாது என்பது இதன் குறை. முதல் மாதம் இதையே பயன்படுத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றாம் படி: வீச்சு

ஒற்றை ஃப்ளைக்குக் கற்றுக்கொண்ட, காற்றில் லைன் மடியும் குறுகிய வளைவோடு முன்னும் பின்னும் நேர்கோட்டில் போகும் அழகான வீச்சு, இரண்டு ஃப்ளைக்கு ஆகாது. அந்த வளைவின் மேல்நரம்பும் கீழ்நரம்பும் மிக அருகில் ஒன்றையொன்று கடக்கும்போது, மேலே தொங்கிக்கொண்டு வரும் ஃப்ளை கீழ்நரம்பில் மாட்டுகிறது. வளைவை அகலமாக்க வேண்டும். கம்பு ஒரு நொடிகூட நின்றுவிடாமல் லைனை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கு நீள்வட்ட வீச்சைப் பழகுங்கள். கம்பின் நுனியைத் தண்ணீருக்கு அருகில் தாழ்த்தித் தொடங்கி, பக்கவாட்டில் தாழ்வாகப் பின்னால் கொண்டுபோய், நிறுத்தாமல் அப்படியே மேலே வளைத்து, தலைக்கு மேலாக முன்னே கொண்டுவந்து விடுங்கள். ஆரத்தித் தட்டைச் சுற்றும் கை எங்கும் வெட்டி நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போவதுபோல, கம்பின் நுனியும் ஒரே ஓட்டமாகச் சுற்றிவர வேண்டும். போகும்போது பக்கவாட்டு வழி, வரும்போது மேல்வழி; ஆகவே போன நரம்பும் வருகிற நரம்பும் ஒன்றையொன்று தொடுவதற்கே வாய்ப்பில்லை.

விசையைத் திடீரென்று கொடுப்பது அடுத்த பெரிய தவறு. கம்பு வெடுக்கென்று முன்னே பாய்ந்தால் லைன் தன் பாதையிலிருந்து தாழ்ந்து, தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு, நடு நரம்பில் தானாக ஒரு முடிச்சு விழும். எனக்குக் கம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியப்பா, "மெதுவா ஆரம்பி தம்பி, வேகம் கடைசியில வரட்டும்" என்று ஒவ்வொரு வீச்சுக்கும் சொல்வார். சாட்ஸ்வொர்த்தில் வீட்டருகே இருந்த மைதானத்தில், கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டுகளை இரண்டு இடங்களில் கட்டி என்னை வீசவைத்தார். புல்வெளியில் அந்த நூல்கள் இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்கோட்டில் விழுகின்றனவா என்று நீங்களும் பார்த்துப் பழகலாம்.

ஆற்றில் இதைவிடவும் பாதுகாப்பானது நீரோட்டத்தையே துணைக்கு வைத்துக்கொள்வது. ஃப்ளைகள் உங்களைக் கடந்து கீழே போய், நீரோட்டம் போகும் திசையில் லைன் முழுவதும் நேராக விறைக்கும்வரை காத்திருங்கள். ஓட்டம் இழுப்பதைக் கை உணரும். அப்போது நீரோட்டம் வரும் திசையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு ஃப்ளைகளும் நீரின் மேற்பரப்புக்கு வரும்வரை கம்பை மெதுவாக உயர்த்தி, ஒரே வீச்சில் அந்தத் திசையில் எறிந்துவிடுங்கள். பின்வீச்சே இல்லை, காற்றில் ஆட்டுவதும் இல்லை. ஓர் ஆட்டம் குறைந்தால் ஒரு சிக்கு வாய்ப்புக் குறைகிறது. ஆழத்தில் இருக்கும் ஃப்ளையைப் பிடுங்கி எறியாதீர்கள்; மேற்பரப்புக்கு வந்த பிறகே வீசுங்கள்.

ஆகஸ்ட் மாதக் காற்றில் அணைக்கரையில் நிற்பவர்கள், காற்று முதுகுக்குப் பின்னாலிருந்தோ, கம்பு பிடிக்காத தோளின் பக்கமிருந்தோ வரும்படி இடம் தேடிக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஒரே ஃப்ளை.

நான்காம் படி: மீன் மாட்டிய பிறகு

மீன் ஒரு ஃப்ளையில் மாட்டியிருக்கும்போது மற்ற ஃப்ளை சும்மா இருப்பதில்லை. ஒருமுறை உம்ஸிம்குலு ஆற்றில் கிளை ஃப்ளையில் மாட்டிய டிரவுட்டைக் கையில் எடுக்கக் குனிந்தேன். நுனி ஃப்ளை என் கால்சட்டையில் ஏறிக்கொண்டது. மீன் ஒரு துள்ளல் துள்ளியதும் இரண்டுக்கும் நடுவே மாட்டிய நரம்பு அறுந்து, மீனும் ஃப்ளையும் போயின. அன்றிலிருந்து கை வைப்பதற்கு முன் மற்ற ஃப்ளை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மீனின் தலையை நீருக்கு மேலே உயர்த்தி, முன்பே நீருக்குள் அமிழ்த்தி வைத்த வலையின் மேலாக அதைச் சறுக்கிக் கொண்டுவாருங்கள். நூல் வலையைவிட ரப்பர் வலை நல்லது. முள்ளில்லாத கொக்கி அதில் மாட்டினாலும் உடனே விடுபடும். வலைக்குள் வந்ததும் லைனைத் தளர்த்திவிடாமல், கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதலில் வெறும் ஃப்ளையை வலையிலிருந்து எடுத்துக் கம்பின் கைப்பிடித் தக்கையில் குத்தி வையுங்கள். அதற்குப் பிறகே மீனின் வாயிலிருக்கும் கொக்கியைக் குறட்டால் எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சிக்கு விழுந்துவிட்டால்

வீச்சு ஏதோ கனமாகவோ கோணலாகவோ உணரப்பட்டால், இன்னொரு முறை வீசிப் பார்க்காதீர்கள். அந்த இரண்டாவது வீச்சுதான் அவிழக்கூடிய சிக்கை அவிழாத முடிச்சாக இறுக்குகிறது. உடனே இழுத்துக் கையில் எடுங்கள். எந்த நரம்பையும் இழுக்காமல், சிக்கை இரண்டு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டி, வளையங்களை வெளிநோக்கித் தளர்த்துங்கள். பல சமயம் நுனி ஃப்ளையை வெட்டி எடுத்துவிட்டால் மீதி நரம்பு தானாகவே உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் அவிழாவிட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நடு நரம்பில் இறுகிப்போன ஒற்றை முடிச்சு தெரிந்தாலும் அப்படியே விடக்கூடாது. அந்த இடத்தில் நரம்பின் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். வெட்டிய துண்டுகளைக் கரையில் போட்டால் பறவைகளின் காலைச் சுற்றும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நரம்பு திருகிப்போயிருந்தால், ஃப்ளைகளை எல்லாம் அகற்றிவிட்டு வெறும் லீடரை நீரோட்டத்தில் ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். திருகல் தானாகக் கழன்றுவிடும். மீண்டும் மீண்டும் திருகினால், காற்றாடிபோல் சுழலும் ஃப்ளை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள், அதை மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: நடக்கும்போதும் வீடு திரும்பும்போதும்

ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் புல்லுக்குள் நடக்கையில் தொங்கவிட்ட நரம்பு கட்டாயம் சிக்கும். லீடரை ரீலின் பின்புறமாகச் சுற்றி மேலே கொண்டுபோய், நுனி ஃப்ளையைக் கம்பின் வளையம் ஒன்றில் மாட்டி, ரீலைச் சுழற்றித் தொய்வை எடுத்துவிட்டு நடங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது லீடரை ரீலுக்குள் சுற்ற வேண்டாம். உள்ளங்கை அளவுள்ள, தடித்த நுரை அட்டையில் விளிம்பெங்கும் கத்தியால் கீறல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நுனி ஃப்ளையை அட்டையில் குத்தி, நரம்பை விறைப்பாகச் சுற்றிக்கொண்டே வந்து, கிளை வரும் இடத்தில் அந்த ஃப்ளையையும் குத்தி, மேல் நுனியைக் கடைசிக் கீறலில் செருகுங்கள். இதுபோல் மூன்று அட்டைகள் தயாராக இருந்தால், ஆற்றங்கரையில் காற்றடிக்கும்போது குளிர்ந்த விரல்களால் முடிச்சுப் போட வேண்டியதில்லை. எடுத்துக் கட்டும்போது மேல் நுனியை முதலில் லைனோடு இணைத்துவிட்டு, அட்டையைக் கையில் சுழற்றியபடி நரம்பை விடுவியுங்கள். நுனி ஃப்ளை கடைசியாகவே அட்டையை விட்டு வெளியே வர வேண்டும்.