ஜிம் லாக்கரில் போன், பர்ஸ், வண்டிச் சாவி: திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சென்னையில் நான் போகும் ஜிம்மில் ஒரு நண்பரின் லாக்கரைத் திறந்து பர்ஸையும் போனையும் எடுத்துப் போய்விட்டார்கள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கார்டை இரண்டு கடைகளில் தட்டிப் பொருளும் வாங்கியாகிவிட்டது. அவருடன் வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த பிறகு என் ஏற்பாடுகளை முழுக்க மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் சொல்வது நல்ல பூட்டு வாங்கு என்பதுதான். பூட்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் போனும் டெபிட் கார்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் அதைவிட முக்கியம். காரணம், பல வங்கிகளில் யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், சிம்முக்கு வரும் ஓடிபி ஆகியவையே போதும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும்; எல்லா வங்கியும் கேட்பதில்லை. பர்ஸும் போனும் சேர்ந்து போனால் திருடன் கையில் இவை அத்தனையும் இருக்கும்.

படி 1: எடுத்துப் போவதைக் குறையுங்கள்

டெபிட் கார்டை வீட்டில் வையுங்கள். லைசென்ஸ், ஆர்சி இரண்டும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், போக்குவரத்துப் போலீஸ் ஏற்றுக்கொள்வார்கள். ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு போதும்.

கார்டு கட்டாயம் வேண்டும் என்றால் வங்கி ஆப்பில் ‘டேப்’ செய்து பணம் செலுத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே தட்டிச் செலுத்தலாம். நண்பரின் பணம் போனதும் இந்த வழியில்தான். நிறுத்த ஒரு நிமிடம் ஆகாது.

படி 2: போன் உடம்போடு, மற்றவை லாக்கரில்

ஓட்டப்பந்தயக்காரர்கள் கட்டும் மெல்லிய இடுப்புப் பை ஒன்று வாங்குங்கள். பூட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள் என்பேன். இழுபடும் துணியில் ஜிப் வைத்தது நல்லது. வெல்க்ரோ வேண்டாம், வியர்வை பட்டுப் பட்டுப் பிடிப்பு போய்விடும். மல்லாந்து பெஞ்ச் போடும்போது பையை வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். போன், வண்டிச் சாவி, பார்க்கிங் டோக்கன் மூன்றும் இதில் இருக்கட்டும். சாவியையும் டோக்கனையும் லாக்கரில் போட்டால் வண்டியும் சேர்ந்து போகும். வாசலில் நிற்பவர் டோக்கனைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

இன்னொன்று. செட்டுக்குச் செட் பாட்டு மாற்ற எல்லோர் எதிரிலும் பின் அடித்து போனைத் திறக்காதீர்கள். கைரேகை போதும். பின் தெரிந்தவன் கையில் போன் கிடைத்தால் மற்ற பாதுகாப்பு எதுவும் நிற்காது.

படி 3: பூட்டு

பூட்டு வாங்குவதற்கு முன் லாக்கரைப் பாருங்கள். கதவை மூடி நாதாங்கியைப் பிடித்து ஆட்டுங்கள். தகடு வளைந்தால், கீல் திருகு வெளியே தெரிந்தால், எந்தப் பூட்டும் பயன் இல்லை. வேறு லாக்கர் கேளுங்கள். பிறகு நாதாங்கி ஓட்டையை அளந்துகொண்டு, அதில் நுழையும் அளவில் தடித்த வளையம் உள்ள பூட்டாக வாங்குங்கள்.

அழுத்தினாலே ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் மலிவான பூட்டுகளைத் தவிர்க்கவும். அவற்றின் வளையத்தைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். குளிர்பான டின்னை வெட்டிய மெல்லிய தகட்டை இடுக்கில் நுழைத்து அதைத் தள்ளிவிட முடியும். சாவியைத் திருப்பினால்தான் பூட்டும் வகையில் இந்த வேலை செல்லாது. நம் திண்டுக்கல் பூட்டு அந்த ரகம். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சின்ன அளவு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கனம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

மூன்று எண் நம்பர் பூட்டு எனக்குப் பிடிக்காது. மொத்தமே 1,000 சேர்க்கைகள். சக்கரத்தைத் திருப்பும்போது விரலில் தட்டுப்படும் இடத்தை வைத்தே எண்ணைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஜிம்மே எண் பலகை உள்ள லாக்கர் தந்திருந்தால் உடம்பால் மறைத்துக்கொண்டு எண்ணை அடியுங்கள். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

படி 4: சிம் பின் (இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்)

போனுக்குப் பூட்டு இருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். அதைத் தடுப்பது சிம் பின். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் ‘சிம் பின்’ இருக்கும்.

சிக்கல் இங்கேதான். இயக்கியவுடன் ஒரு பின் கேட்கும். புதிதாக ஒன்று வைக்கச் சொல்கிறது என்று நினைத்து நமக்குப் பிடித்த நான்கு எண்களை அடிக்கத் தோன்றும். அது கேட்பது சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பழைய பின். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், மாற்றுச் சிம்தான் வாங்க வேண்டும்.

ஆகவே குருட்டாம்போக்கில் அடிக்காதீர்கள். முதலில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, தொடக்கப் பின், பியுகே இரண்டையும் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். அதன் பிறகு இயக்கி, சிம் பின்னைப் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். கடைசியாகப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பின் கேட்டால் எல்லாம் சரி. இரண்டு சிம் உள்ளவர்கள் வங்கியோடு இணைந்த சிம்முக்கு மறக்காமல் செய்யுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, பூட்டிய திரையிலேயே ஓடிபி தெரியும்படி விட்டால் பலன் இல்லை. அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (போனின் தனி அடையாள எண்) அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் போய்விட்டால்

யாரிடமாவது போன் வாங்கி முதலில் வங்கிக்குச் சொல்லிக் கார்டு, யுபிஐ இரண்டையும் முடக்குங்கள். பணம் நகர்ந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அடுத்து சிம்மை முடக்குங்கள். சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்துவைக்கும்படி ஜிம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் காட்டினாலும் விடாமல் கேளுங்கள். ஸ்டேஷனில் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். திருட்டு என்றே புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்.

பின்சேர்க்கை: தாலிச் செயினைக் கழற்ற மனமில்லை, மாட்டிக்கொண்டு பயிற்சி செய்யவும் பயமாக இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கழற்றி லாக்கரில் வைப்பதுதான் ஆபத்து. கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட்டுக்குள் விட்டு, துணியோடு ஒரு சேஃப்டி பின் குத்திவிட்டால் ஆடாது. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், கம்பியைப் பிடிக்கும்போது விரலைக் கிழிக்கும்.

இன்னொரு பின்சேர்க்கை: திருட்டுப் போன போனை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கப் போனால் ஓடிபி வரவில்லை என்கிறார் ஒரு வாசகர். மாற்றுச் சிம் வாங்கியவுடன் அதில் எஸ்எம்எஸ் வராது, இயங்க 24 மணி நேரம் வரை ஆகும். ஒருநாள் பொறுத்து, புகார் நகலும் ஐஎம்இஐ எண்ணும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள்.