12,34,56,789: இந்த எண்ணைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1 முதல் 9 வரை வரிசையாக எழுதினால் வரும் இந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 3² × 3607 × 3803. இலக்கங்களின் கூடுதல் 45. எனவே 9 ஆல் வகுபடும். (இதே ஒன்பது இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் கூடுதல் 45தான். அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் ஆகாது.) இதுவரை சரி. இதே சோதனையை 27-க்கும் நீட்டுவதுதான் தவறு. 1899-இன் இலக்கக் கூடுதல் 27. ஆனால் அதை 27 ஆல் வகுத்தால் மீதி 9. பத்தை 3, 9 ஆல் வகுக்கும்போது மீதி 1 வருவதால்தான் அந்தச் சோதனை அங்கே பலிக்கிறது.

9 ஆல் வகுத்த பின் மிஞ்சுவது 1,37,17,421. இப்போதும் பழைய எண்ணின் வர்க்கமூலமான 11,111 வரை பகா எண்களால் வகுத்துக்கொண்டே போவது வீண் வேலை. மிஞ்சிய எண்ணின் வர்க்கமூலம் 3703.7, அதுவரை போதும். அதற்கு முன்னால் நிறுத்துவது இன்னும் மோசம். மூவாயிரம் வரை எதுவும் வகுக்கவில்லையே என்று அதைப் பகா எண் ஆக்கிவிடுவார்கள். 3607 எல்லைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்க, வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 789 − 456 + 123 = 456. அதன் மீதிகள் முறையே 1, 5, 1. எதுவும் வகுக்காது. நம் லட்சம், கோடிக் காற்புள்ளிகளை நம்பி 12, 34, 56, 789 என்று பிரித்தால் கணக்கு கெட்டுவிடும். 7 × 11 × 13 = 1001 என்பதிலிருந்து வந்த வழி இது; ஆகவே ஆயிரம் ஆயிரமாகத்தான் பிரிக்க வேண்டும்.

அடுக்கை மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. காரணிகளின் எண்ணிக்கை 3 × 2 × 2 = 12; அடுக்கைக் கவனிக்காதவர்களுக்கு 8 வரும். காரணிகளின் கூடுதலில் 3²-க்கு உரிய பங்கு 1 + 3 + 9 = 13. நடுவில் இருக்கும் 3-ஐ விட்டு 10 என்று போடக் கூடாது. எல்லாக் காரணிகளின் கூடுதல் 13 × 3608 × 3804 = 17,84,22,816. ஆய்லரின் ஃபை சார்பிலும் (ஓர் எண்ணைவிடச் சிறியவற்றில் அதனோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று சொல்வது) 9-க்கு 2 × 2 அல்ல, 6. விடை 6 × 3606 × 3802 = 8,22,60,072.

4 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் இதை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்பாரும் உண்டு. அந்த விதி பகா எண்களுக்கு மட்டுமே. 3607, 3803 இரண்டும் 4 ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை, அடுக்கும் ஒற்றை, எனவே முடியாது.

கடைசியாக எக்செல். அது 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. இந்த எண்ணின் வர்க்கம் 15241578750190521. எக்செல் காட்டுவது 15241578750190500. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சாதாரண எண் வகையில் கடைசி மூன்று இலக்கங்கள் 521-க்குப் பதில் 520 ஆகிவிடும். 9 × 9 = 81, ஆகவே கடைசி இலக்கம் 1 ஆகத்தான் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அதில் பெரிய முழு எண்களுக்கென உள்ள பிக்இன்ட் வகை, இல்லையேல் பைத்தான் நிரல்மொழி. இரண்டிலும் முழு எண் இலக்கம் பிசகாமல் வரும்.