பையன்களிடம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

பல பள்ளிகளில் பெண் பாதுகாப்பு வகுப்பு என்றால் மாணவிகளை உட்காரவைத்துவிட்டு மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். யார் கேட்க வேண்டுமோ அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

உட்காரவைத்தாலும், “நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பிறக்கலையா?” என்றுதான் ஆரம்பிக்கிறோம். தங்கச்சி மாதிரி என்பதால் மரியாதை தர வேண்டும் என்றால், பிடித்துப்போன பெண்ணிடம் அவன் எப்படி நடந்துகொள்வான்? உறவு எதுவும் இல்லாத பெண்ணுக்கும் சொந்த விருப்பம் உண்டு என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

நாம் அதிகம் தவறவிடுவது, அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு என்ன என்பதை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்த இளைஞன் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றான். இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் கேமரா, போலீஸ் என்று பேசுகிறோம். மறுப்பைத் தாங்கிக்கொள்ள எட்டாம் வகுப்பிலேயே பழக்க வேண்டும் என்று பேசுவதில்லை. அவள் மறுத்தால் அன்று சாயங்காலம் என்ன செய்வாய், யாரிடம் பேசுவாய் என்று கேளுங்கள். அழுகை வந்தால் அழட்டும். “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று அடக்கினால் அவனுக்குக் கோபம் ஒன்றுதான் மிஞ்சும். அப்புறம் அவன் நண்பர்களிடமும் பேசுங்கள். “விடாதடா மச்சான்” என்று ஏற்றிவிடுகிறவர்கள் அவர்கள்தான். “அவளை விடுடா, வா சாப்பிடப் போகலாம்” என்று சொல்லவும் அவர்களால் முடியும்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதோடு நிறுத்துவதும் தவறுதான். ஆனால் விவரம் தெரிந்திருக்கட்டும்: விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால், நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி முதல் முறையே 3 ஆண்டுகள் வரை சிறை.

வீட்டையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டிலிருந்து வரும் பையன் வகுப்பில் நிச்சயம் இருப்பான். அவனிடம் “நீயும் அப்படித்தான் ஆவாய்” என்று சொல்லிவிடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று: பையன்களுக்கும் பாலியல் தொல்லை நடக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட இருபாலருக்கும் பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மாணவிகளுக்குச் சொல்லும்போது மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.